சிகப்பியின் தட்டு

"மூணு வருஷமா உங்ககிட்ட முத்திரை படிக்கிறேன். இன்னும் ஒரு கோப்பைக்குக்கூட என்னைத் தேதி சொல்ல விடலையே. நான் என்ன அவ்வளவு மக்கா?"

வயிரவன் கேட்டது ஜைனம்புவிடம். காரைக்குடியில் பழைய பீங்கான் சாமான் விற்பவர். வயிரவனைவிடப் பதினைந்து வயது இளையவர். சாமானைத் திருப்பி, அடியில் இருக்கும் கம்பெனி முத்திரையை ஒரு பார்வை பார்த்தால் போதும், இங்கிலாந்தில் எந்தக் காலத்தில் செய்தது என்று சொல்லிவிடுவார்.

வயிரவனும் லேசுப்பட்டவர் இல்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளாக இதே பைத்தியம்தான். கல்யாண வீட்டில் பாயசக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்து வேட்டியை நனைத்துக்கொண்ட மனுஷர்.

ஜைனம்பு சிரிக்கவில்லை.

"உங்க வீட்டுல நீங்க திருப்பியே பார்க்காத சாமான் ஏதாச்சும் இருக்காண்ணே?"



இருந்தது. அவர் மனைவி சிகப்பியின் தட்டு. நீலப் பூப் போட்டது. "தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தியே எங்க முப்பாட்டனார் ரங்கூன்லேருந்து கொண்டாந்தது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அதில் அவரைத் தவிர யாருக்கும் சோறு போட மாட்டாள். கழுவித் துடைத்து வைப்பதும் அவளேதான். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. தட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது.

"சிகப்பி தட்டு ஒண்ணு இருக்கு. அது வேணாம்மா."

"ஏன்?"

"அடியில இங்கிலாந்துன்னு நாட்டுப் பேரு அச்சடிச்சிருந்தா, ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறுக்கு அப்புறம் வந்ததுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? பஞ்சம் அதுக்கும் பதினஞ்சு வருஷம் முந்தி. அவ சொன்னது பொய்யின்னு ஆகிப்போச்சுன்னா நான் எங்கிட்டுப் போயி முட்டிக்கிறது?"

"கொண்டாங்க."

மறுநாள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டைக் கவிழ்த்தார்.

திறந்து பார்த்தால், முத்திரையில் ஒரு கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது. மிச்சமெல்லாம் சிவப்பு. நகப்பாலிஷால் கோணல்மாணலாக, கொட்டை எழுத்தில், 'வயி' என்று எழுதியிருந்தது.

எவர்சில்வர் என்றால் கடையில் கொடுத்துப் பேர் வெட்டிக்கொள்ளலாம். பீங்கானில் வெட்ட முடியாது.

ஜைனம்பு ஒரு சின்ன பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதைத் தொட்டுத் துடைச்சா அரை நிமிஷத்துல பாலிஷ் போயிரும். முத்திரை பளிச்சுன்னு தெரியும். தேதி சொல்லுங்கண்ணே."

வயிரவன் பஞ்சைக் கையில் எடுத்தார். அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சைக் கீழே வைத்தார்.

"எழுபத்தெட்டு."

"என்னது?"

"எழுபத்தெட்டு, தை மாசம். கல்யாணமாகி மூணாம் மாசம். மதுரையில நான் வாங்கியாந்த பாலிஷ் இது. 'இந்த நெறத்தைப் பூசிக்கிட்டு உங்க ஆத்தா மொகத்துல எப்படி முழிப்பேன்'னு கோவிச்சுக்கிட்டா. ஒருநாளும் அவ விரல்ல நான் பார்த்ததில்லை. எங்கடி அதுன்னு கேட்டதுக்கு, கொட்டிப்போச்சுன்னுட்டா."

அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

ஜைனம்பு பாட்டிலைத் திருகி மூடினார்.

"சரியாச் சொல்லிட்டீங்கண்ணே."