வடிவக்காவும் மூணு கால் ஸ்டாண்டும்

ஒரு ஊர்ல ஒரு லைன் வீடு இருந்துச்சாம். ராஜா எங்கேன்னு கேக்காத, ராஜாவுக்கு இன்னிக்கு லீவு. வரிசையா ஏழு வீடு. ஏழுக்கும் ஒரே தகரக் கூரை, ஒரே குழாயடி. அதுல நாலாவது வீட்டுல வடிவுன்னு ஒரு அக்காவும் அவ புருசன் சுடலைமுத்துவும் இருந்தாங்க. பையனுங்க ரெண்டு பேரும் வளந்து, வேலைக்குன்னு வெளியூரு போயிட்டானுங்க. வீடும் வெறிச்சுன்னு கெடந்துச்சு, வடிவக்கா மடியும் காலியாக் கெடந்துச்சு. ம் சொல்லு. நீ சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

ஆங். அப்புறம் அஞ்சாவது வீட்டுல ஜீனத்துன்னு ஒரு பொண்ணு. தையல் கம்பெனியில வேலை. அவ தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கெளம்பினா. கெளம்புறப்போ ஒரு மண்தொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தா. கற்பூரவல்லிச் செடி. சளி புடிச்சா சாறு புழிஞ்சு குடுப்பேனே, நீ மூஞ்சிய இப்படிச் சுளிப்பியே, அதேதான்.

"அக்கா, இத ஆசையா வளத்துட்டேன். பாத்துக்கங்க. நான் திரும்பி வந்து வேலைக்குப் போறப்ப, எம் புள்ளையயும் ஒங்ககிட்டதான் விடுவேன்"ன்னா.

வடிவக்காவுக்கு உச்சி குளுந்து போச்சு. புள்ளையத் தருவாளாமே! அன்னிக்கு ராத்திரி சோத்துல உப்புப் போடவே மறந்துட்டா, பாத்துக்கோ.

அப்போ அந்தச் செடிய எங்க வைக்கிறது? வாசல்ல வச்சா ஆடு வரும். "மே"ங்கும், ஒரே வாயில முடிச்சிரும். தொங்கவிடலாம்னா கூரையில ஒரு கொக்கி கெடையாது. சன்னல் ஒண்ணு இருந்துச்சு, ஆனா நெஞ்சு ஒசரத்துல, ரெண்டு விரல் அகலத்துல ஒரு திட்டு. தொட்டி நிக்காது. அதனால வீட்டு மூலையில, தரையில வச்சா. மூலை கும்மிருட்டு. போதாததுக்குப் பாசத்துல காலையில ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்புன்னு தண்ணி வேற. செடி என்ன மாடா, மூணு வேளை குடிக்க? இலை மஞ்சளாச்சு. சொத்துன்னு ஒண்ணு விழுந்துச்சு. மறுநாள் சொத்து, சொத்துன்னு ரெண்டு விழுந்துச்சு.

அந்த நேரம் பாத்து போன் வந்துச்சு. "அக்கா, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு! நாப்பது நாள் முடிஞ்சதும் வாரேன். செடி எப்படியிருக்கு?"

"அதுக்கென்ன புள்ள, ஜம்முன்னு இருக்கு"ன்னுட்டா வடிவக்கா. போனை வச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, மொத்தமே அஞ்சு இலை. தொப்புன்னு உக்காந்து அழுதுட்டா. "செடியவே சாகடிச்சவ கையில எவ புள்ளையக் குடுப்பா?"ன்னு மூக்க உறிஞ்சி உறிஞ்சி அழுதா.

ம்.

அழுது முடிச்சு நிமிந்து பாத்தா, சன்னல் வழியா வெயில் சுள்ளுன்னு உள்ள விழுகுது. வெயில் மேல இருக்கு, செடி கீழ இருக்கு. செடியத் தூக்கி சன்னல் ஒசரத்துக்கு நிறுத்திட்டாப் போதும்! "மண்டையில எனக்கு இத்தன நாளு என்னதான் இருந்துச்சோ"ன்னு தலையில தட்டிக்கிட்டு எந்திரிச்சா.

மொதல்ல என்ன பண்ணினா, மளிகைக் கடையில மூணு அட்டைப்பெட்டி கேட்டு வாங்கியாந்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, அதுமேல தொட்டிய வச்சா. மூணு நாளு செடி மகாராணி கணக்கா ஒக்காந்திருந்துச்சு. ஆனா தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்குமில்ல? தண்ணி கசிஞ்சு கசிஞ்சு அட்டையெல்லாம் ஊறிப்போச்சு. நாலாம் நாளு சாப்புட உக்காந்தப்போ, பொத... பொத... பொதக்! பெட்டி மூணும் ஊறின அப்பளமா மடங்கிருச்சு. நல்லவேளை, தொட்டி ஒடையல. ஆனா ஒரு இலை போச்சு. மீதி எத்தன?

நாலு. பரவால்ல, இன்னும் முழிச்சிட்டுதான் இருக்க.

அப்புறம் சுடலைமுத்து வந்தான். மில்லுல வாட்ச்மேன் வேலை, ஆனா மனசுக்குள்ள பெரிய ஆசாரின்னு நெனப்பு. "அட்டையில எவனாச்சும் ஸ்டாண்டு செய்வானா? தள்ளு"ன்னான். ஒடஞ்ச கட்டில்ல இருந்து ஒரு பலகை, ஒசரமா நாலு கால். டக்கு டக்குன்னு ஆணி அடிச்சு நிறுத்திட்டான். பாக்க அழகாத்தான் இருந்துச்சு. தொட்டிய வச்சா, டடக்கு. இந்தப் பக்கம் சாயுது. தொட்டா, டடக்கு. அந்தப் பக்கம் சாயுது.

"இந்தக் கால்தான் நீளம்"னு சுடலைமுத்து ரம்பத்த எடுத்தான். கர்ரு கர்ரு. வச்சுப் பாத்தா, டடக்கு.

"அது இல்லங்க, அந்தக் காலு"ன்னா வடிவக்கா. கர்ரு கர்ரு. டடக்கு.

"ஏட்டி, நீ சொல்லித்தான கெட்டுச்சு!"

"நான் ஒரு கால்தான் சொன்னேன், நீங்க மூணுல கைய வச்சீங்க!"

தரை முழுக்க மேடும் பள்ளமுமா இருந்தா, பாவம், கால் என்ன செய்யும்? அது ரெண்டு பேருக்கும் தோணல. வெட்டி வெட்டி, ஸ்டாண்டு இடுப்பு ஒசரம் ஆச்சு, அப்புறம் முழங்கால் ஒசரம் ஆச்சு, கடைசியில கால் நாலும் தீந்தே போச்சு. வெறும் பலகைதான் மிச்சம். சுடலைமுத்து ஒரு நிமிசம் அதப் பாத்தான். அப்புறம் அத இழுத்துப் போட்டு, சம்மணம் கட்டி உக்காந்து, "சரி, சோத்தப் போடு"ன்னான்.

சிரிக்காத. சிரிச்சாத் தூக்கம் ஓடிரும்.

அப்போ ஆடிச் செவ்வா வந்துச்சு. அம்மன் கோயில் தெருவுல பொம்பளைங்க எல்லாரும் வரிசையா உக்காந்து பொங்கல் வைப்பாங்கல்ல? வடிவக்காவும் போனா. மூணு செங்கல்லப் போட்டு, பானைய ஏத்தி, தீய மூட்டினா. ரோடு இருக்கே, அது ரோடே இல்ல, ஜல்லி பேந்து குண்டும் குழியுமாக் கெடக்கு. பக்கத்துல ஒரு மினி பஸ்ஸு திடுதிடுன்னு போச்சு. பானை அசையல.

வடிவக்கா ஒரு கணம் பானையப் பாத்தா. "எங்க வீட்டுத் தரைய விட மோசமான ரோட்டுல, இது மட்டும் எப்படி ஆடாம நிக்குது?"ன்னு யோசிச்சா. பக்கத்துல கெடந்த செங்கல் ஒண்ண எடுத்து, நாலாவதா அடியில செருகினா. டடக்கு! பானை ஆடிருச்சு. உருவிட்டா. கம்முன்னு நின்னுச்சு. மறுபடியும் செருகினா, டடக்கு. உருவினா, கம்.

அப்போ பொங்கல் புஸ்ஸுன்னு பொங்குச்சு. எல்லாரும் குலவை போட்டாங்க. வடிவக்காவும் போட்டா, ஆனா பொங்கலுக்கு இல்ல. மூணு கல்லப் பாத்து அவ போட்ட குலவையில பக்கத்துல இருந்தவளுக்குக் காது அடைச்சே போச்சு.

வீட்டுக்கு ஓடியாந்தா. பரண்ல பழைய கொசுவலைக் கம்பு நாலு இருந்துச்சு. மூங்கில். அதுல மூண எடுத்து ஒண்ணாச் சேத்து, நடுவுல தேங்கா நார்க் கயித்தால இறுக்கிச் சுத்திக் கட்டினா. அப்புறம் மூணையும் லேசா முறுக்கி விரிச்சா. மேல மூணு கொம்பு, கீழ மூணு காலு, நடுவுல ஒடுங்கி, உடுக்கை கணக்கா நின்னுச்சு. மேலயும் விரியாம இருக்க ஒரு கயிறு, கீழயும் விரியாம இருக்க ஒரு கயிறு. அவ்வளவுதான் வேலை.

"நாலு கம்பு இருக்குல்ல, நாலையும் கட்டேன்"ன்னான் சுடலைமுத்து.

"ஒங்க நாலு கால் மேலதான் நீங்க ஒக்காந்து சாப்புடுறீங்கல்ல, போதும்"ன்னா.

தொட்டிய மேல எறக்கி வச்சா. இந்தப் பக்கம் தொட்டா. அந்தப் பக்கம் தொட்டா. டடக்கு வருதா? வரல! சன்னல் வெயில் நேரா இலை மேல விழுந்துச்சு. தண்ணியும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, அரைச் சொம்புதான். கை துறுதுறுங்கும், ஆனாலும் சொம்ப எடுக்காம அடக்கிக்குவா.

ம்... மெதுவாச் சொன்னாலும் கேக்குது.

அப்புறம் நாப்பது நாளும் முடிஞ்சுச்சு. ஆட்டோ ஒண்ணு டுர்ருன்னு வந்து நின்னுச்சு. கையில துணியில சுத்தின பாப்பாவோட ஜீனத்து எறங்கினா. வடிவக்கா ஓடிப்போயி செடிய இன்னொரு தடவ பாத்தா. செடியில பழைய இலை நாலுதான். நுனியில மட்டும் புதுசா எள்ளு எள்ளாத் துளுத்திருக்கு.

ஜீனத்து உள்ள வந்தா. செடியப் பாத்தா.

"பாதிக்கு மேல போச்சு புள்ள"ன்னு வடிவக்காவே சொல்லிட்டா. "போன்ல பொய் சொல்லிட்டேன். செடியவே பாத்துக்கத் தெரியாதவன்னு, புள்ளையத் தர மாட்டியோன்னு பயந்துட்டேன்."

ஜீனத்து கிட்ட போயி அந்த மூங்கில் காலத் தொட்டா. லேசா ஆட்டிப் பாத்தா. ஆடல. "இது என்னக்கா?"ன்னா.

அவ்வளவுதான், சுடலைமுத்து ஆரம்பிச்சுட்டான். அட்டை மடங்கினது, பலகையில தான் ஒக்காந்தது, பானைக்கு அடியில இவ செங்கல்லச் செருகிச் செருகி எடுத்தது, ஒண்ணு விடாமச் சொன்னான். ஜீனத்து சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"அக்கா, எங்கம்மா வீட்டுல பத்து பேரு. புள்ள அழுதா பத்து பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வாங்க. எந்திரிச்சு வந்து தூக்க ஒரு ஆள் கெடையாது. நீங்க ஒரு செடிக்கே இத்தன பாடு பட்டிருக்கீங்க. இந்தாங்க, புடிங்க"ன்னா.

வடிவக்கா டக்குன்னு தரையில உக்காந்து, சேலைய நீவி விட்டா. பாப்பா மடிக்கு வந்துச்சு. சின்னக் கண்ணத் தொறந்து அவளப் பாத்துச்சு. அப்புறம், சர்ர்ர்ர்ருன்னு மூச்சா போயிருச்சு.

"ஐயய்யோ, குடுங்கக்கா, சேலைய மாத்துங்க!"ன்னு ஜீனத்து கை நீட்டினா.

"சும்மா இரு, தூங்கப் போறா"ன்னு வடிவக்கா தரல. பொழுது சாயுற மட்டும் அந்த ஈரச் சேலையோட, ஒரு ஊருக்கே மகாராணி மாதிரி, அசையாம ஒக்காந்திருந்தா.

பாப்பா தூங்கிட்டா. இந்தக் கதையும் காலை நீட்டிப் படுத்தாச்சு, நீயும் தூங்கு.