குற்றாலிங்கம் சார் வரைந்த முகங்கள்

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆனா ஒருத்தர் முகத்துலகூட உயிர் இல்ல."

குற்றாலிங்கம் சார் இப்படிச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த படங்களை மேஜைமேல் வைத்தார்.

அவர் டீச்சர் என்று கூப்பிட்டது ரெஜினாவை. அவருடைய கடைசி மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. தென்காசியில் ஒரு தையல் கடைக்கு மேலே, மாடியறையில் பென்சில் படம் கற்றுக்கொடுக்கிறாள். பேச்சு ரொம்பக் கம்மி. ஒரு கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள் கேட்டவனுக்கே கேள்வி மறந்துபோகும்.

சார் அப்படியில்லை. ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருமுனையில் அவர் குடை தெரிந்தால் போதும், கேரம் ஆடிக்கொண்டிருக்கிற ஆம்பளைகள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுவார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

ரெஜினா படங்களைப் புரட்டினாள்.

பால்காரர். பக்கத்து வீட்டு ஓவர்சியர். மூத்த மருமகன். கண் இருக்க வேண்டிய இடத்தில் கண், காது இருக்க வேண்டிய இடத்தில் காது. ஆனால் அத்தனை பேரும் ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது?"

"என் வீட்டுக்காரி. ஆவுடையம்மாள். இந்தப் படம்தான் டீச்சர் எனக்கு முக்கியம்."

விஷயம் இதுதான். அடுத்த வாரம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்து வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கக் கூடாது, என் பொண்டாட்டியை என் கையால் வரைந்து வைப்பேன் என்று சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்? வாய் சும்மா இருக்கவில்லை.

மைத்துனன் சங்கரலிங்கம் அப்போதே சிரித்தான். "அத்தானுக்கு இது வராது" என்று சொல்லி, ஃப்ளெக்ஸ் கடையில் படத்தைக் கொடுத்தும் வைத்துவிட்டான். அதில் சார் கூலிங் கிளாஸ் போட்டு நடுவில் நிற்கிறார். ஆவுடையம்மாள் அவர் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து தரையைப் பார்க்கிறாள். வீட்டில் தேடிப் பார்த்ததில் அவள் நிமிர்ந்து பார்க்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"ஊர் முன்னால தலை குனியணும் டீச்சர். அதைவிட, அவ முகம் எனக்கு வரமாட்டேங்குது. தினம் பாக்குற முகம். அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

ரெஜினா படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க பாத்ததத்தான் வரைஞ்சிருக்கீங்க சார். இதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"தப்பு இல்லையா?"

அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். அவ்வளவுதான் பாடம்.

சாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தார். ஓகோ, சிரிக்கச் சொல்லாததுதான் குறை என்று முடிவு கட்டினார்.

மறுநாள் பால்காரரை உட்காரவைத்து, "சிரிய்யா" என்றார்.

பால்காரர் சிரித்தார்.

"நல்லாச் சிரி."

பால்காரர் இருக்கிற பல்லையெல்லாம் காட்டினார். கண் மட்டும் வாசலைப் பார்த்து, எப்போது விடுவாரோ என்று இருந்தது. ஓவர்சியரும் அப்படியே. ஆவுடையம்மாள் உதட்டை இழுத்துப் பிடித்ததில் அவளுக்கு வாயே வலித்துவிட்டது. வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம். வாய் இருக்க வேண்டிய இடத்தில் தாள் பொத்தலாகிவிட்டது.

அவர் திரும்பவும் மாடியேறினார். இந்தத் தடவை ஹெட்மாஸ்டர் குரல் இல்லை.

"நாளைக்குக் காலையில ஃப்ளெக்ஸ் அடிச்சிருவாங்களாம் டீச்சர். இன்னைக்கு ராத்திரிக்குள்ள வேண்டாம்னு சொன்னா உண்டு."

"அம்மாவக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு வந்தார். ஆவுடையம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முதுகு முழுக்கச் சாய இடம் இருந்தும் சாயவில்லை.

சார் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். படம் வரைகிறவர்கள் அளவு பார்க்கிற மாதிரி, கையை நீட்டிப் பென்சிலை நேராகப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். மற்றக் கண்ணால் மனைவியைக் குறிபார்த்தார்.

ஆவுடையம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரெஜினா தாளைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்தாள். நீட்டிய கையிலிருந்து பென்சிலை உருவினாள். நேராகப் போய் ஆவுடையம்மாள் கையில் கொடுத்தாள்.

"அம்மா, நீங்க வரைங்க."

"நானா? எனக்குக் கோலம்தான் தாயி தெரியும்."

"போதும்."

"யார வரைய?"

ரெஜினா முகவாயை ஆட்டி சாரைக் காட்டினாள்.

"டீச்சர், விளையாட நேரம் இல்ல. நான் சொன்னேனே, ஃப்ளெக்ஸ்..."

"உக்காந்திருக்கிறவங்க பேசக் கூடாது சார்."

சார் வாயை மூடினார். எப்படி மூடினார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆவுடையம்மாள் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்து ஒரு கோடு இழுத்தாள்.

"முகத்தப் பாருங்கம்மா."

ஆவுடையம்மாள் நிமிர்ந்தாள். பார்த்தாள். குனிந்து கோடு போட்டாள். மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதல் நேரம்.

சாருக்குக் கழுத்தோரம் வேர்த்தது. எத்தனையோ ஆய்வு அதிகாரிகள் முன்னால் அசராமல் உட்கார்ந்திருக்கிறார். இது வேறு மாதிரி இருந்தது. பார்வையை மெல்ல ஜன்னல் பக்கம் நகர்த்தினார்.

"இங்க பாருங்க," என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் பார்த்தார்.

அவளும் அவரை மாதிரியே கையை நீட்டினாள். பென்சிலை நட்டமாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அவர் மூக்கை அளந்தாள். அளந்தவளுக்கு என்ன தோன்றியதோ, களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?" சாருக்குப் பழைய குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய மூக்கு. இத்தன வருசமா எனக்குத் தெரியவே தெரியாதுங்க." அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆடாதீங்க, கோடு தப்புது."

அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டாளே. ஆடாமல் இருந்ததால் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார்.

மேல்வரிசையில் ஒரு பல் சற்றே ஏறி நின்றது. சிரிக்கும்போது இடது புருவம் மட்டும் தனியாக மேலே போனது. கோடு இழுக்கும்போது நாக்கு நுனி வாயோரம் எட்டிப் பார்த்தது. இவளுக்கு இப்படி ஒரு முகமா? இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்?

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. இந்த முகம் போய்விடுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று தவித்தார்.

"டீச்சர், எனக்கு ஒரு பென்சில்."

பலகை, தாள், பென்சில் எல்லாம் அவர் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தன. எப்போது கொண்டுவந்து வைத்தாளோ.

சார் வரைந்தார். கையை நீட்டவில்லை, அளவு பார்க்கவில்லை, ரப்பரைத் தேடவில்லை. அவள் பார்த்தபோது இவர் வரைந்தார், இவர் பார்த்தபோது அவள் வரைந்தாள். கீழே தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. நேரம் போனது தெரியவில்லை.

பென்சிலைக் கீழே வைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

ஒரு காது பெரிதாகிவிட்டது. கழுத்துக் கோடு எங்கேயோ போய்விட்டது. ஆனால் தாளில் ஆவுடையம்மாள் இருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், எதிரில் யார் வந்து நின்றாலும் நேருக்கு நேர் பார்க்கிற ஆவுடையம்மாள்.

ரெஜினா படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சுவரில் தான் வரைந்த படம் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அதைக் குத்தினாள்.

சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது. அவர் மறைக்கவில்லை. நாற்காலி பின்னால் சரிய எழுந்து, போனை எடுத்து மைத்துனனைக் கூப்பிட்டார்.

"சங்கரலிங்கம், ஃப்ளெக்ஸ் வேண்டாம்னு சொல்லிரு. வந்துருச்சுடே. அவ முகம் வந்துருச்சு. நீ வந்து பாரு, அப்பிடியே..."

"எங்க எந்திரிச்சிட்டீங்க?" என்றாள் ஆவுடையம்மாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "உக்காருங்க. எனக்கு இன்னும் முடியல."

போனில் சங்கரலிங்கம் திகைத்துப்போனான்.

"அத்தான், யாரு அங்க உங்கள அதட்டுறது?"

"உங்க அக்காதான்டே," என்று சொல்லிவிட்டு, குற்றாலிங்கம் சார் உட்கார்ந்தார்.