வெள்ளரிக்காய் வெட்டு

பூவன்விளைக் களரிக்கு ஆசான் ஒரு பெண். பெயர் மரியபுஷ்பம். பகலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிகாலையில் சிலம்பமும் வாளும் சொல்லிக்கொடுப்பார். நாற்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் நரைத்த தலைகள்கூட அவரை ஆசான் என்றுதான் கூப்பிடும். கையில் கம்போடு நிற்பவரை வேறெப்படியும் கூப்பிடத் தோன்றாது.

அவருடைய சீடர்களில் வாளுக்குப் பெயர்போனவன் சுயம்புலிங்கம். சிவில் எஞ்சினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். ஊர்த் திருவிழாவில் ஒருவர் படுத்துக்கொள்வார். அவர் வயிற்றின் மேல் ஒரு வெள்ளரிக்காயை வைப்பார்கள். வாள்காரன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே வீச்சில் காயை இரண்டாக்க வேண்டும். வயிற்றில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. அந்த வருஷம் வாளை அவன் கையில்தான் கொடுப்பதாக ஆசான் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பயலுக்குச் சாப்பாட்டுத் தட்டில் வெள்ளரிக்காயைப் பார்த்தால்கூடக் கை துறுதுறுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண் சிவந்து வந்தான். முந்தின நாள் கல்லூரி விடுதியில் யாருக்கோ பிறந்தநாள். யாருக்கென்று அவனுக்கே சரியாக ஞாபகமில்லை. ஆசான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறவர்களிடம் பொய் சொல்லித் தப்பிக்கலாம். கேட்காதவரிடம் என்ன செய்வது? அவனாகவே உளறினான்.

“ராத்திரி குடிச்சது காலையில போயிருது ஆசானே. குளிச்சேன், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சேன். இப்ப உடம்புல ஒண்ணும் இல்ல. பிறகு என்ன கெடுதல்?”

ஆஸ்பத்திரிக் கதை ஏதாவது சொல்லிப் பயமுறுத்துவார் என்று எதிர்பார்த்தான். அவரோ ஒரு வாழைத்தடியை பெஞ்சின் மேல் கிடத்தி, அதன் மேல் வெள்ளரிக்காயை வைத்தார்.

“வெட்டு. கண்ணைக் கட்டாண்டாம்.”

வெட்டினான். காய் இரண்டாகி ஆளுக்கொரு பக்கம் உருண்டது. சுயம்பு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஆசான் வாழைத்தடியைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே காட்டினார். மேல்மட்டையில் ஒரு கோடு விழுந்து, அதிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று.

“கையில ஒண்ணும் தெரியலையே ஆசானே. சரியாத்தானே நிறுத்தினேன்?”

“நிறுத்தினதா உனக்குத் தோணிச்சு.”

அவன் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாளின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

“போயிருதுன்னு சொன்னியே, எங்க போகுது?” என்றார் ஆசான். “ஈரல்தான் கிடந்து பாடுபட்டு, கொஞ்சம் கொஞ்சமா அதைத் தீர்க்கணும். நீ தூங்குனதா நினைக்கே. கண்ணு மட்டுந்தான் மூடிக் கிடந்திருக்கு. உடம்புல தண்ணி வத்தி, நெஞ்சு வேகமா ஓடி, காலையில கை ஒரு நூல் பிந்தும். அந்த ஒரு நூல் உனக்குத் தெரியாது. கீழ கிடக்கவனுக்குத்தான் தெரியும்.”

“எங்க காலேஜுல பயலுவ எல்லாரும் குடிக்கானுவ ஆசானே. நல்லாத்தான் இருக்கானுவ.”

“இருபத்தஞ்சு வயசு வரைக்கும் மூளை வளந்துக்கிட்டே இருக்கும். கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பலகை பிரிக்காத தளம் மாதிரி. அதுல லோடு ஏத்துவியாலே?”

சிவில் படிக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் பண்ணித் தரட்டுமா என்று அவன் மெதுவாகக் கேட்டான். சத்தியமெல்லாம் வார்டில் தினமும் வேண்டிய மட்டும் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆசான் டியூட்டிக்குக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு சுயம்பு குடிக்கவில்லை. நண்பர்கள் அவனுக்குச் சாமியார் என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் துணி துவைத்தான். துவைத்த துணியையே திரும்பவும் துவைத்தான். மெல்ல மெல்லக் காலையில் தானாக விழிப்பு வந்தது. பசி வந்தது. வாழைத்தடியில் கோடு விழுவது நின்றது. எதைப் பார்த்தாலும் சந்தோஷமாக இருந்தது, காரணமே இல்லாமல்.

திருவிழா வந்தது. அந்த வருஷம் தானே படுக்கப்போவதாக ஆசான் சொல்லிவிட்டார். அன்றைக்கு மத்தியானம் விடுதி நண்பர்கள் வந்து இறங்கினார்கள். அவன் வாள் வீசுவதைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார்கள். தென்னந்தோப்பில் ஐஸ் பெட்டி திறந்தது. திருவிழாவும் அதுவுமாக ஒரு பீருக்கு என்ன வந்துவிடும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லவும் செய்தான். ஆனால் அவர்கள் பாசமாகக் கேட்டார்கள். அதட்டிக் கேட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பான்.

சாயங்காலம் முகம் கழுவி, பல் விளக்கி, இரண்டு ஏலக்காயை மென்றுகொண்டு களத்துக்கு வந்தான். தெளிவாக இருப்பதாகத்தான் அவனுக்குத் தோன்றியது.

அந்தக் களரியில் ஒரு முறை உண்டு. வாள்காரனின் கண்ணைப் படுக்கப்போகிறவரேதான் கட்டிவிட வேண்டும். நம்பிக்கை வரவில்லை என்றால் துணியைக் கீழே போட்டுவிட்டுப் போகலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆசான் கறுப்புத் துணியோடு அவன் முகத்துக்கு அருகில் வந்தார். அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு முடிச்சு இறுகியது. பாயில் போய்ப் படுத்துக்கொண்டார். கூட்டம் அடங்கியது. முன் வரிசையில் அம்மா உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். நண்பர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள் என்பதும் தெரியும்.

வீசுவதற்கு முன் வாளை மெல்ல இறக்கிக் காயைத் தொட்டு அளவு பார்க்க வேண்டும். இறக்கினான். எதன் மேலோ பட்டது. காயா, சேலையா? எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பதில். இப்போது சொல்ல முடியவில்லை. மறுபடி இறக்கினான். காய் மாதிரித்தான் இருந்தது. அந்த ‘மாதிரி’ என்ற நினைப்பு வந்ததும் அவனுக்கு உடம்பு முழுக்க வேர்த்தது. தாங்க முடியாத பயமாக இருந்தது.

வாளைப் பின்னால் கொண்டுபோய்த் தரையில் வைத்தான். கண்கட்டை அவிழ்த்தான்.

“என்னால முடியாது ஆசானே. குடிச்சிருக்கேன்.”

பக்கத்தில் மைக் இருந்ததை அவன் மறந்துபோயிருந்தான். ஊர் முழுக்கக் கேட்டது. யாரோ விசிலடித்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆசான் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, அடுத்தது தீப்பந்தம் என்று அறிவித்தார். சின்னப் பிள்ளைகள் பந்தங்களோடு ஓடிவந்தார்கள். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

மேடைக்குப் பின்னால் சுயம்பு உட்கார்ந்து அழுதான். வாள் இனிமேல் தனக்கில்லை என்று நினைத்தான். ஆசான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு, நாளைக்குக் காலையில் களரியைப் பெருக்குகிற முறை அவனுடையது, நேரத்தோடு வந்துவிட வேண்டும் என்றார்.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“கண்ணு கட்டும்போதே உங்களுக்குத் தெரியும், இல்லையா?”

“ஏலக்காயை எதுக்கு மெல்லுவாங்கன்னு நர்ஸுக்குத் தெரியாதா?”

“நான் வீசியிருந்தா?”

ஆசான் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“பயந்துதான் கிடந்தேன்.”

“பிறகு எதை நம்பிப் படுத்தீங்க ஆசானே?”

“நீ நல்லா வெட்டுவேன்னு நம்பிப் படுக்கல மக்கா. வாளைக் கீழ வைப்பேன்னு நம்பிப் படுத்தேன்.”