உப்புக்கு நடந்த கல்யாணம்

வெள்ளாங்குறிச்சிக்காரர்களை யாரும் முட்டாள் என்று திட்டியதில்லை. திட்டினாலும் புரியாதே என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஊர்ச் சடையப்பன் மகளுக்குக் கல்யாணம். விடிந்ததும் சமையல்காரர் சாம்பாருக்காக, இருந்த கல்லுப்பை எல்லாம் ஒரு குண்டான் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்த மாப்பிள்ளையின் அக்கா மங்கையர்க்கரசி வேதியியல் டீச்சர். பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம்.

“உப்புங்கிறது சோடியமும் குளோரினும் சேர்ந்த ஜோடி, மாமா. தண்ணியில போட்டா பிரிஞ்சுடும். சர்க்கரை அப்படியில்ல. கரைஞ்சாலும் குடும்பம் குடும்பமாத்தான் இருக்கும்.”

பக்கத்தில் நின்ற சடையப்பன் சமையல்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். கல்யாண வீட்டில் ஜோடியைப் பிரிக்கலாமா? மகள் வாழ்க்கை என்னாகும்? மச்சினன்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“எத்தனை ஜோடி மாப்ளே பிரிஞ்சிருக்கும்?”

“ரெண்டு படி ஜோடி, மச்சான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் மூத்தவன் கோணையன்.

சாம்பாரில் சர்க்கரையைக் கொட்டினார்கள்.

காலைப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் வைத்தார். “சம்பந்தி, பாயசத்துல முருங்கைக்காய் கிடக்கு!” என்று இலையை மூடினார். “உப்புப் போட்ட சாம்பார் வராம என் பையன் தாலி கட்ட மாட்டான்.”

சின்ன மச்சினன் மருதையன்தான் வழி சொன்னான்.

“பிரிச்சது தண்ணிதானே? அதை விரட்டிட்டா?”

விறகை அள்ளி வைத்தார்கள். தண்ணீர் ஆவியாகப் போனது. குண்டானின் அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

“பழைய ஜோடிதானே சேர்ந்திருக்கு?” என்றான் கோணையன்.

டீச்சரைக் கேட்டார்கள். “எந்தச் சோடியத்தோட எந்தக் குளோரின் சேர்ந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள்.

சடையப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு நிதானமாக முடிவெடுத்தார். புரோகிதர் வந்திருக்கிறார், மேளம் வந்திருக்கிறது. முறைப்படி கட்டிவைத்துவிட்டால் ஊர் வாயை அடைக்கலாம்.

புரோகிதர் முதல் கல்லை எடுத்தார். “இதுல பொண்ணு வீடு யாரு?”

மங்கையர்க்கரசி களைத்துப்போய்ச் சொன்னாள்: “சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கும். குளோரின் வாங்கிக்கும்.”

“கொடுக்கிறது பொண்ணு வீடு!” ஊரே ஒரே குரலில் சொன்னது.

கல் கல்லாக மந்திரம் ஓதி, மேளம் கொட்டி, அட்சதை போட்டார்கள். முகூர்த்தம் தவறப்போகிறதே என்று மாப்பிள்ளை தானே தாலியை எடுத்துப் பெண்ணுக்குக் கட்டிவிட்டான். அதை யாரும் கவனிக்கவில்லை.

கடைசிக் கல்லும் முடிந்தது. சடையப்பன் மனம் நிறைந்து கைகூப்பினார். மருதையன் பெரிய பன்னீர்ச் செம்பைத் தூக்கிவந்து, எல்லா ஜோடிகளையும் வாழ்த்தி, குண்டானுக்குள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தான்.