கோபத்தை வென்ற மாடு

நான் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம் என்பாள் என் வீட்டுக்காரி. மாட்டுத் தரகனுக்கு அதுவே பெரிய மதிப்பு. இது அந்தப் பாதியில் சேர்ந்தது.

புதன்கிழமை சந்தை. செவந்தியம்மாவுக்கு ஒரு கறவை மாடு பிடித்துக் கொடுக்க வேண்டும். காதுத் தோட்டை விற்றுவிட்டு வந்திருந்தாள். முன்பு வைத்திருந்த மாடு உதைத்ததில் அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்து, கூடியும் கூடாமலும் கோணலாக நிற்கிறது. "பால் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவால்லண்ணே. காலைத் தூக்காத மாடா இருக்கணும். இன்னொரு உதை வாங்குனா சோறு பிசையக்கூட கை மிஞ்சாது" என்று சொல்லிவிட்டாள். விடிந்ததிலிருந்து ஒன்பது மாட்டை ஒதுக்கிவிட்டு, பத்தாவதாக ஒரு செவலைப் பசு முன்னால் போய் நின்றோம்.

மாட்டில் குறை சொல்ல முடியாது. பல்லெல்லாம் முளைத்த நல்ல வயசு. பூசணிக்காய் மாதிரி மடி. பக்கத்தில் ஒரு கன்று. கயிற்றைப் பிடித்திருந்த ஆள்தான் சந்தைக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தார். காவி வேட்டி, இடுப்பில் சிவப்புப் பட்டை, கையில் ஆளுயரக் கம்பு. மலையடியில் சிலம்பக்கூடம் நடத்தும் சடையாண்டி ஆசானாம்.

"மாடு உதைக்குமா?" என்று கேட்டேன்.

உதைக்கும், உதைக்காது. ஒரு வார்த்தையில் முடிகிற பேச்சு. மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தரகரே, சிலம்பம்னா அடிதடின்னு நெனச்சுக்கிட்டீங்களா? அது ஒரு தவம். கம்பெடுத்தவன் முதல்ல அடிக்க வேண்டியது எதிராளியை இல்ல, தன் கோபத்தை. நான் கோபப்பட்டு இருபத்திரண்டு வருஷமாச்சு."

"நான் கேட்டது மாட்டை."

"மாட்டுக்கு வர்றேன். முதல்ல அது யாருகிட்ட வளர்ந்துச்சுன்னு தெரிய வேணாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மீதியைச் சந்தையில் வாங்கின அறைகளில்தான் படித்தேன். அதில் ஒரு பாடம்: சரக்கைக் கேட்டால் ஒருத்தன் குணத்தைச் சொல்கிறான் என்றால், சரக்கில் கோளாறு.

"ஐப்பசி மழையில நின்னு கம்பு சுத்துவேன். ஒரு பொட்டுத் தண்ணி மேல படாது" என்றார் ஆசான்.

எதிரே தும்பு, மூக்கணாங்கயிறு விற்கும் மலைக்கொழுந்து கடையில் இருந்தபடியே சொன்னான்: "இதை எல்லா ஆசானும் சொல்றதுதானே."

ஆசானுக்குச் சுருக்கென்றது. "அவங்களுக்குத் தலை மட்டும்தான் நனையாது. அடைமழையில எங்க ஊர்ப் பொம்பளைங்க என் கம்புக்குக் கீழதான் வடகம் காயப் போடுவாங்க."

"மழையில வெயிலுக்கு எங்க போறது ஆசானே?"

"கம்பு சுத்துற சூடுப்பா. ஒரு தரம் வடகம் கருகியே போச்சு."

கூட்டம் கூடிவிட்டது. மாடு விற்கிறதோ இல்லையோ, கூட்டம் கூடினால் ஆசானுக்கு வயிறு நிறைந்துவிடும் போலிருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"ஒரு நாள் பதினாறு திருடனுங்க வீச்சரிவாளோட கூடத்தை வளைச்சுக்கிட்டானுங்க. நான் கம்பைத் தொடல. அடிக்கிறவன் கத்துக்குட்டி. முறைக்கிறவன் பாதி தேறினவன். நான் சம்மணம் போட்டு உக்காந்து மூச்சை மட்டும் உள்ள இழுத்தேன். பதினாறு பேரும் பொத்துப் பொத்துனு விழுந்து, எந்திரிச்சு, பாதம் தொட்டுட்டுப் போயிட்டானுங்க."

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டேன். சந்தையில் விலை அப்படித்தான் பேசுவோம். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்தால் அதுதான் எண்ணிக்கை. வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

"பதினாறு கட்டுபடியாகாது ஆசானே. பேசி முடிச்சுக்குவோம்" என்று இரண்டு விரலை அழுத்தினேன்.

பழக்கம் பாருங்கள், அவர் கையும் பேரத்துக்கு இறங்கிவிட்டது. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து இரண்டு முறை குலுக்கினார். பத்துத் திருடனாம். நான் மறுபடியும் இரண்டு. அவர் ஏழுக்கு இறங்கினார். "வர்றேன் ஆசானே" என்று நான் ஓரடி எடுத்து வைத்ததும், துண்டோடு பிடித்து இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றுக்கு வந்தார்.

"எத்தனைக்குண்ணே முடிஞ்சுது?" என்று மலைக்கொழுந்து கத்தினான்.

"மூணு திருடன். அதுல ஒருத்தன் நொண்டி."

"நொண்டின்னாலும் படுபாவி அவன்" என்றார் ஆசான், விடாமல்.

சந்தையே சிரித்தது. செவந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மாட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசான் அதைக் கவனித்துவிட்டார். என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"தாயி, நீ கேளு. என்னைக் கடிச்ச கொசு அதுக்கப்புறம் யாரையும் கடிக்கிறதில்ல. என் ரத்தம் உள்ள போனா அதுக்கும் மனசு பக்குவமாயிடுது. எங்க ஊர்ல கொசு பூராவும் வாழைப்பூவுல தேன் குடிச்சுட்டுக் கிடக்குது. கொசுவுக்கே அப்படின்னா, அஞ்சு வருஷம் என் காலடியில நின்ன மாட்டுக்கு எப்படி இருக்கும்? விடியுமுன்னே எந்திரிச்சு மூச்சுப் பயிற்சி. சூரியனுக்கு முன்னங்காலை மடக்கி ஒரு வணக்கம். அமாவாசைக்கு விரதம். வைக்கோலைத் திரும்பிக்கூடப் பாக்காது."

நான் குனிந்து மாட்டின் பின்னங்காலைப் பார்த்தேன். முட்டிக்கு மேலே ரோமம் தேய்ந்து, தோல் வெளுத்து, வளையமாகத் தழும்பு. கறக்கும்போது உதைக்காமலிருக்க இரண்டு காலையும் சேர்த்துக் கட்டுவோமே, அணைகயிறு, அதன் தடம். ஒரு நாள் கட்டினால் இப்படித் தேயாது.

"ஆசானே, இது என்னது?"

நொடிகூட யோசிக்கவில்லை மனிதர். "பட்டை. எங்க கூடத்துல தேறினவங்களுக்குக் கட்டுறது. மனுஷனுக்கு இடுப்புல கட்டுவோம். மாட்டுக்கு இடுப்பு ஏது?"

"தழும்பு விழுற மாதிரியா கட்டுவீங்க?"

"அஞ்சு பட்டை வாங்கியிருக்காளே! போன தையில சிறுத்தை ஒண்ணு கன்னுக்குட்டியைத் தூக்க வந்துச்சு. இவ நெனச்சிருந்தா ஒரே உதையில அதை மலை உச்சிக்கு அனுப்பியிருக்கலாம். கால் தூக்கல. மூச்சை அடக்கி ஒரு பார்வை பாத்தா. சிறுத்தைக்கு அது செஞ்ச பாவமெல்லாம் ஞாபகம் வந்து தேம்பித் தேம்பி அழுதுச்சு. அன்னையிலருந்து எங்க கூடத்துல வாசல் கூட்டுது."

"வாலாலயா?" என்றான் மலைக்கொழுந்து.

"வேற எதால கூட்டும்?"

"இப்ப எங்க ஆசானே அது?"

"லீவு போட்டு ஊருக்குப் போயிருக்கு."

செவந்தியம்மா என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "அண்ணே, அந்த ஆளு புளுகுறாரு. ஆனா மாட்டு மூஞ்சி சாந்தமாத்தான் இருக்கு. கையில இருக்கிற காசுக்கு இதைவிட நல்ல மடி கிடைக்குமா?"

புளுகென்று தெரிந்தே ஆள் விழுவது இப்படித்தான். தழும்பைக் காட்டினேன். அவள் பார்த்தாள். தன் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டாள். பிறகு கொண்டுவந்த சொம்பை நல்ல கையால் எடுத்து ஆசானிடம் நீட்டினாள்.

"கட்டாம நீங்களே ரெண்டு பீச்சு பீச்சிக் காட்டுங்க ஆசானே. வாங்கிக்கிறேன்."

ஆசான் சொம்பை வாங்கவில்லை. "குரு சிஷ்யையோட மடியில கை வைக்கிறது முறையில்ல தாயி. நான் எட்ட உக்காந்து தியானம் பண்ணுவேன். பால் தானா எறங்கும்."

"தியானத்தை மடிகிட்ட உக்காந்து பண்ணுங்க" என்று கூட்டம் கத்தியது. "உக்காருய்யா!" "கோபம் வராதுல்ல, உக்காரு!"

தப்ப வழியில்லை. கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினார்கள். ஆசான் கம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பை வாங்கினார். குந்தினார். மூச்சை இழுத்தார். காம்பில் விரல் பட்டதோ இல்லையோ, அந்தக் காலை நான் பார்க்கவே இல்லை, சத்தம்தான் கேட்டது. சொம்பு அப்பளமாகிக் கிடந்தது. ஆசான் மலைக்கொழுந்து கடைக் கயிற்றுக் குவியலுக்குள் தலைகீழாகக் கிடந்தார்.

தேங்காய் நாரைத் துப்பிக்கொண்டே எழுந்தார். ஒரு கன்னம் வீங்கிவிட்டது. ஆனால் வாய் வீங்கவில்லை.

"பாத்தீங்களா? எல்லாரும் பாத்தீங்களா? எனக்குக் கோபம் வந்துச்சா? வரல! அவளுக்கும் வரல. குரு அசர்ற நொடி பாத்து ஒரே அடி. எங்க கூடத்துல கடைசிப் பாடம் அதுதான். நாப்பது வருஷத்துல ஒருத்தனும் தேறல. இன்னைக்கு இவ தேறிட்டா! இனிமே இவ மாடு இல்ல தாயி. ஆசான்!"

செவந்தியம்மா நசுங்கிய சொம்பைக் குனிந்து எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"வாங்கண்ணே போவோம். படிக்காத மாடா ஒண்ணு பாருங்க."