கோணப்பட்டிக் கம்பு பீர்

கோணப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதை எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஊர்ச் சடையப்பனுக்கு அந்த வருஷம் கம்பு அமோகமாக விளைந்துவிட்டது, வாங்கத்தான் ஆள் இல்லை. வீடு கொள்ளாமல் மூட்டை. மனுஷன் உத்தரத்தில் தலை இடிக்க மூட்டை மேல் படுத்துத் தூங்கினார். "காலை நீட்ட இடம் கிடைச்சதும் சொல்லி அனுப்புங்க" என்று அவர் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதில் அவருக்கு ரொம்ப வருத்தம்.

அப்போதுதான் புதுச்சேரியில் சின்னதாக பீர் ஆலை வைத்திருந்த லூர்துநாதனிடமிருந்து ஆள் வந்தது. போன மாதம் சடையப்பனிடம் வாங்கிய ஒரு மூட்டைக் கம்பில் பீர் காய்ச்சிவிட்டாராம். சடையப்பன் மச்சினன் பூவராகனையும் பங்காளி நல்லமுத்துவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

லூர்துநாதன் மேஜையில் மூன்று கிளாஸ் வைத்தார். "ரெண்டு பார்லி பீரு, ஒண்ணு உங்க கம்பு பீரு. உங்க கம்பு எதுல இருக்குன்னு கண்டுபிடிங்க. சரியாச் சொல்லிட்டா மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்." சொல்லிவிட்டு, பெங்களூரிலிருந்து வந்திருந்த ருசி நிபுணரை அழைத்துவரப் போனார்.

பூவராகன் ஆசையாக ஒரு கிளாஸை வாயருகே கொண்டுபோனான். சடையப்பன் கையைப் பிடித்தார்.

"குடிச்சிட்டா கம்பு வயித்துக்குள்ள போயிடும். அப்புறம் எங்க போய்க் கண்டுபிடிக்கிறது?"

நியாயம்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். நுரையை ஊதிப் பார்த்தார்கள். கடைசியில் சடையப்பன் தோள் துண்டை எடுத்து, மூன்று பீரையும் தனித்தனியே வடிகட்டி, அந்தந்தக் கிளாஸிலேயே ஊற்றினார். ஒரு மணி கூடச் சிக்கவில்லை.

"கம்பைப் போட மறந்துட்டாரு போல, பாவம்" என்றான் நல்லமுத்து.

"சொல்லிக் காட்டினா சங்கடப்படுவாரு, மாமா. நாமளே போட்டுருவோம்" என்றான் பூவராகன்.

சடையப்பன் மடியில் மாதிரிக்கு முடிந்து வந்த கம்பில் ஒரு பிடி எடுத்து நடு கிளாஸில் போட்டார்.

லூர்துநாதன் வந்ததும் மூவரும் நடு கிளாஸைக் காட்டினார்கள். தற்செயலாக அதுதான் கம்பு பீர்.

"அடேயப்பா, எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?"

"நாங்க போட்ட கம்பு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் சடையப்பன் அடக்கமாக.

குடுமி வைத்த நிபுணர் அந்தக் கிளாஸை முகர்ந்து, கண்ணை மூடி ஒரு வாய் குடித்து, நெடுநேரம் மென்றார். "தானியம் பல்லில் படுகிறது, என்ன துணிச்சல். பின்னாலேயே லேசாக ஓர் உப்பு. உழைப்பின் உப்பு."

பூவராகன் சடையப்பனின் துண்டைப் பார்த்தான். லூர்துநாதனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் நிபுணர் புகழ்ந்ததை மறுத்துப் பேச அவருக்கு ஏது தைரியம்? "வியாழக்கிழமை லாரியோட வர்றேன், எல்லாத்தையும் தயாரா வைங்க" என்றார்.

திரும்பும் வழியில் நல்லமுத்துவுக்கு ஒரு கவலை. "அண்ணே, மூட்டையாக் குடுத்தா இவரு மறுபடியும் போட மறந்துருவாரே."

"அப்ப நாமளே பீராக்கிக் குடுத்துருவோம்."

"பீராக்க உங்களுக்குத் தெரியுமா, மாமா?"

"போட்டோம், குடுமிக்காரரு குடிச்சாரு. இதுக்கு மேல தெரிஞ்சுக்க என்ன இருக்கு?"

வியாழக்கிழமை லாரி வந்தபோது வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சடையப்பன் பெண்டாட்டி கூடத்தின் நடுவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள், யாருக்காகவும் எழுந்திருப்பதாக இல்லை.

"கம்பு எங்கேய்யா?" என்றார் லூர்துநாதன்.

சடையப்பன் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். ஒரு கிளாஸில் கிணற்றிலிருந்து மொண்டு ஊற்றினார், இன்னொன்றில் பானைத் தண்ணீர். இரண்டையும் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார்.

"எங்க கம்பு எதுல இருக்குன்னு கண்டுபிடிங்க, சார். சரியாச் சொல்லிட்டா மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்கலாம்."

லூர்துநாதன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குள் நல்லமுத்து லாரியைச் சுற்றிவந்து, கிணற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி முழம் போட்டுவிட்டு வந்தான்.

"லாரியில கிணறு ஏறிடும், அண்ணே. கட்டத்தான் கயிறு பத்தாது."