நாலடி மூங்கில்

மலை மடத்துக்கு அரிசி சுமந்த கோவேறு கழுதை செத்த மறுவாரமே, அதற்குப் பதிலாக ஒரு வண்டி வாங்கித் தருவதாக ஆரணி அரிசி ஆலைக்காரர் சொல்லிவிட்டார். கல், மண், சேறு எதிலும் ஏறுகிற நாலு சக்கர மலைவண்டி. எது வேண்டும் என்று மடம் சொன்னால் போதும்.

சொல்கிற பொறுப்பைக் கஜபதி ஏற்றுக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கஜபதிக்கு வயது அறுபத்தைந்து. அரசாங்கப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, தன்னைவிட இருபது வயது இளையவரான திலகவதி அம்மையிடம் சீடராகச் சேர்ந்தவர். மலைக்கு வந்த ஏழு வருடத்தில் காப்பியை விட்டார், கோபத்தைக்கூட முக்கால்வாசி விட்டார். அளக்கிற டேப்பை மட்டும் விட முடியவில்லை.

மூன்று மாதம் ஆராய்ச்சி நடந்தது. அடிவாரத்து டீக்கடையில் வந்து இறங்கும் அரிசியை மடத்தில் இருப்பவர்கள் முறை வைத்துத் தலையில் சுமந்தார்கள். கஜபதியின் முறை வரும்போதெல்லாம் அவர் ஆராய்ச்சியில் இருந்தார்.

அன்று காலை சமையல்கட்டிலிருந்து கன்னியம்மாள் வந்தாள். பானையில் இரண்டு படி அரிசிதான் இருக்கிறது என்றாள். விடிந்தால் பௌர்ணமி. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் தூக்குப் பாத்திரத்தோடு கஞ்சிக்கு வந்து நிற்கும். ஒரு பௌர்ணமிகூட அவை வெறும் பாத்திரத்தோடு திரும்பியதில்லை.

அந்த நேரம் பார்த்து மூன்று நோட்டுப் புத்தகங்களோடு கஜபதி வந்தார்.

"அம்மா, கடைசியா ரெண்டு வண்டியில வந்து நிக்குது. நமக்கு எது சரியா இருக்கும்?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணு ஆத்துல இறங்கும். இன்னொண்ணு ஐஸ்கட்டி மேலயும் ஓடும்."

"நம்ம மலையில ஐஸ்கட்டி எங்கங்க ஐயா இருக்கு?"

"இல்லைதாம்மா. வந்துட்டா?"

கன்னியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மை சிரிக்கவில்லை.

"அகலம் எவ்வளவு?"

"ரெண்டுமே நாலடி."

அம்மை கொட்டகைக்குள் போய் ஒரு மூங்கிலை எடுத்து வந்தார். நாலடி வைத்து வெட்டினார். அதைக் கஜபதியின் இடுப்பில் குறுக்காக வைத்து, கிணற்றுக் கயிற்றால் இறுகக் கட்டினார்.

"இப்ப நீங்கதான் வண்டி. அடிவாரம் போய் ஒரு சிப்பம் அரிசி எடுத்துட்டு வாங்க. வண்டி எப்படிப் போகுமோ அப்படியே போகணும்."

"அப்படியேவா?"

"அப்படியே."

முதல் ஐம்பது அடி கம்பீரமாகத்தான் போனார். பிறகு இடது முனை உண்ணிச் செடியில் மாட்டியது. வளைவில் வலது முனை பாறையில் இடித்து, அவரை வந்த திசைக்கே திருப்பி நிறுத்தியது. பாதி வழியில் இரட்டைப் பாறை. ஏழு வருடமாக அவர் போய் வருகிற இடைவெளி. அது இவ்வளவு குறுகல் என்று அன்றுதான் தெரிந்தது. மூங்கில் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றது.

ஒருக்களித்து நுழைந்திருக்கலாம். ஆனால் வண்டி ஒருக்களிக்காது. அளவில் ஏமாற்றுகிற பொறியாளர் இல்லை கஜபதி.

டேப்பை எடுத்து அளந்தார். இரண்டடி எட்டு அங்குலம். பேனாக்கத்தியால் மூங்கிலின் இரண்டு முனைகளையும் அறுக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டரை அடி மூங்கிலோடு அந்தப் பக்கம் போனபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதம் புரட்டிய நோட்டுகளில் இந்தப் பாறை ஒரு பக்கத்திலும் இல்லை. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. விடை கிடைத்துவிட்டதே.

டீக்கடை ஜெயவேலு அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"என்னங்க ஐயா இடுப்புல?"

"வண்டி."

ஜெயவேலு சுற்றி வந்து பார்த்தார். "ஹாரன் இருக்குங்களா?"

கஜபதி டேப்பை எடுத்தார். மூலையில் இருந்த அரிசிச் சிப்பத்தின் முன் மண்டியிட்டு, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டார். தூக்கிப் பார்த்து எடையையும் குறித்தார். ஒரு கிளாஸ் சுடுதண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மனசுக்குள் கணக்குப் போட்டபடியே மலையேறினார். ஏற்றம் தெரியவே இல்லை.

மடத்து வாசலில் அம்மை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கன்னியம்மாள் பெரிய அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"புரிஞ்சுடுச்சும்மா," என்றார் கஜபதி. மூச்சு வாங்கியது. "அந்த ரெண்டு வண்டியும் நமக்கு ஆகாது. ஏறி உக்காந்து ஓட்டுற வண்டியே வேணாம். ரெண்டரை அடி அகலத்துல ஒரு சின்ன வண்டி வருது. கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடக்கணும். சிப்பத்தையும் அளந்துட்டேன். ஒரே நேரத்துல ரெண்டு வைக்கலாம், ஒரு விரல் இடம்கூட வீணாகாது."

"ஐஸ்கட்டி மேல ஓடுமா?"

"ஓடாதும்மா." தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம்."

"நல்ல வண்டி. இதையே சொல்லி அனுப்புங்க."

ஏழு வருடத்தில் அம்மை அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கஜபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மை எழுந்து வந்து அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். மூங்கிலைச் சுவரில் சாத்தினார். கன்னியம்மாள் கஜபதியின் தலையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பாதையையும் பார்த்தாள்.

அம்மை மெதுவாகக் கேட்டார்.

"வண்டி வந்துடுச்சு. அரிசி எங்கங்க ஐயா?"